ஆளுக்கொரு ஸ்பீக்கர்

பூதப்பாண்டி
21.10.2024

அன்புள்ள மாமாவுக்கு பிரீனா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் இங்கே சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? மாமிக்குச் சளி விட்டதா?

போனில் கூப்பிட்டால் "எதுவானாலும் எழுதிப் போடு" என்று வைத்துவிடுகிறீர்கள். போஸ்ட் மாஸ்டராக ரிட்டயர் ஆனவர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டால் கவர் வாங்கித்தான் தீரவேண்டும் போல. எழுதிவிடுகிறேன்.

நேற்று அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நீங்கள் எடுத்த மரப்பெட்டி ஸ்பீக்கர் உங்கள் மகனுடையது. அது உங்களுக்கே தெரியும். நான் ஏன் அதைச் சபைக்குக் கொடுத்தேன் என்பதுதான் தெரியாது. அவருடைய கப்பல் செங்கடல் வழியாகப் போகிறது என்று கேட்ட அன்று நேரே முழங்காலில் நின்றுவிட்டேன். அங்கேதான் கப்பல்கள் மேல் ஏவுகணை விழுகிறது. "ஆண்டவரே, ஆள் பத்திரமாகத் தாண்டட்டும். இந்த வீட்டில் அவருக்கு எது உயிரோ அதைப் பண்டிகையில் படைக்கிறேன்" என்று பொருத்தனை பண்ணிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், எது அவருக்கு உயிர்? நான்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் வருஷக்கணக்காகச் சேர்த்து வாங்கின அந்த ஜோடி ஸ்பீக்கரைத் துடைக்கிற அக்கறையோடு அவர் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

கொடுத்ததை நாமே ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது நம் சபை வழக்கம்தானே. நீங்கள் கொடுக்கிற வாழைக்குலையை வருஷாவருஷம் நீங்களே எடுக்கிறீர்கள். அதை நம்பித்தான் கொடுத்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து கத்த எனக்குத் தொண்டை போதாது என்று, எங்கள் பக்கத்துக் கடை சுயம்புராஜ் அண்ணனைக் கேட்கச் சொல்லியிருந்தேன். அவர் அய்யாவழிக்காரர், ஆனாலும் நம் பண்டிகை ஏலத்துக்குத் தவறாமல் வருவார். ஏலம் விட்டவர், சேவலை விடுகிற மாதிரி ஸ்பீக்கரையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். முதல் பெட்டிக்கே நீங்கள் ஏற்றின ஏற்றத்தில் அதை அண்ணன் எடுப்பதற்குள் நான் கொடுத்த காசு தீர்ந்தது. இரண்டாவது பெட்டி உங்களுக்குப் போய்விட்டது.

மாமா, அது ஜோடியாக இருந்தால்தான் பாட்டு. அவர் பிப்ரவரியில் வருகிறார். மயிலாடியில் கட்டாமல் என் ஊர்ப் பக்கம் வீடு கட்டினதிலிருந்து நீங்களும் அவரும் பேசிக்கொள்வதில்லை. இப்போது என்னால் புது வழக்கு ஒன்று வேண்டாம். தயவுசெய்து தந்துவிடுங்கள். அவருக்கு இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் ஜெபத்தில் என்னை நினைக்கவும்.
பிரீனா


கப்பலிலிருந்து
29.10.2024

என் பிரீனாவுக்கு,

நான் சுகம். இஞ்சின் ரூம் சூட்டில் தொப்பை கொஞ்சம் உருகியிருக்கிறது, நீ சந்தோஷப்படலாம். போன் "ஹலோ"விலேயே அறுந்துபோவதால் இனி மெயில்தான். செங்கடலைத் தாண்டியாச்சு. திரும்பும்போது ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வருகிறோம், ஆகவே அழுகையை நிறுத்து.

வேலை ஒழிந்தால் எனக்கு ஒரே யோசனை, ஆம்ப்ளிபயர். அவ்வளவு நல்ல ஸ்பீக்கரை அந்தப் பழைய ஹோம் தியேட்டர் ஆம்பில் மாட்டிவைத்திருப்பது, கல்யாண மாப்பிள்ளையை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிற மாதிரி. இந்தத் தடவை ராட்டர்டாமில் நல்லதாக ஒன்று பார்க்கப்போகிறேன். அதற்கு உன் உதவி வேண்டும். ஞாயிறு மத்தியானம் சோபாவின் நடுவில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் போடு. கண்ணை மூடிக்கொள். பாடுகிற ஆள் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்பதுபோல் இருக்கவேண்டும். இருக்கிறதா என்று எழுது.

பண்டிகை எப்படி? நம் வீட்டிலிருந்து என்ன கொடுத்தாய்?

நேரத்துக்குச் சாப்பிடு.
ஷாஜன்


மயிலாடி
4.11.2024

அன்பு மருமகள் பிரீனாவுக்கு ஆசீர்வாதம். முட்டுவலி இருக்கிறது, நடமாட்டத்துக்குக் குறைவில்லை. உன் கடிதம் கிடைத்தது. தபால்தலையைக் கோணலாக ஒட்டியிருக்கிறாய்.

சுயம்புராஜ் கேட்டதும், கடையில் வைத்துப் பாட்டுப் போடத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். என் மகன் பாடுபட்டு வாங்கின சாமான் ஊரான் கடையில் கிடந்து அலறுவதா? அதனால் ஏற்றினேன். நீ ஆள் வைத்துக் கேட்டது எனக்கு எப்படித் தெரியும்?

எப்படியானாலும் ஏலம் ஏலந்தான். காசு எனக்கு வேண்டாம். பொருளுக்கு உடையவன் கேட்கட்டும். வாயிருக்கிறது, கையிருக்கிறது, ஒரு வரி எழுதினால் தேய்ந்துபோக மாட்டான். நீ கேட்டு நான் தருவதாக இல்லை.

கப்பல் இப்போது எங்கே நிற்கிறது? எனக்குத் தெரிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. உன் மாமி கேட்கிறாள்.

இப்படிக்கு
ரசலையன்

பிரீனா மக்களே, மாமா கவர் ஒட்டுததுக்கு முந்தி ரெண்டு வரி எழுதுகேன். நான் ஒண்ணும் கேக்கல்ல. கேக்கது இவருதான். காலத்த பேப்பரு வந்தா முதல்ல கப்பல் சேதியத்தான் தேடுகாரு. நீ பதில் எழுதும்போ எனக்குன்னே எழுது, அவரும் வாசிச்சுக்கிடுவாரு. சளி மாறியாச்சு. — நேசபாய்


பூதப்பாண்டி
9.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொள்ளுங்கள். பண்டிகை நன்றாக நடந்தது. நம் வீட்டிலிருந்து கொடுக்கவேண்டியதைக் கொடுத்தேன்.

நீங்கள் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பாடுகிறவர் நடுவில் நிற்கவில்லை. இடது பக்கத்திலேயே நிற்கிறார்.

ஸ்கூலில் பரீட்சைப் பேப்பர் மலைபோல் குவிந்திருக்கிறது. வேறு விசேஷமில்லை.

உங்கள்
பிரீனா


கப்பலிலிருந்து
17.11.2024

என் பிரீனாவுக்கு,

சுகம். காதை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் உன் மெயிலைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. இடது பக்கத்திலேயே நிற்கிறார் என்றால் என்ன அர்த்தம்? கொஞ்சம் சாய்ந்து நிற்கிறாரா, வலது பக்கம் ஊமையா?

ஒரு சோதனை செய். ஆம்பை அணைத்துவிட்டு, அதன் பின்பக்கத்தில் இடது ஸ்பீக்கர் வயரை வலதிலும் வலது வயரை இடதிலும் மாற்றிச் செருகு. மறுபடி பாட்டுப் போடு. சத்தம் இப்போது வலது பெட்டியில் வந்தால் கோளாறு ஆம்பில், கவலையில்லை. எப்படியும் அதை மாற்றத்தானே போகிறோம். அப்பவும் இடது பெட்டியில்தான் வருகிறது என்றால் வலது ஸ்பீக்கர் போச்சு. அப்படி மட்டும் எழுதிவிடாதே தாயே.

எனக்காக ஜெபித்துக்கொள், ஸ்பீக்கருக்காகவும்.
ஷாஜன்


பூதப்பாண்டி
24.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். அங்கே சாப்பாடு பிடிக்கிறதா? ஊறுகாய் தீர்ந்திருக்குமே.

வயரை மாற்றிச் செருகினேன். இப்போதும் இடது பெட்டியில்தான் வருகிறது. கவலைப்படாதீர்கள். வலது பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

உங்கள்
பிரீனா


மயிலாடி
2.12.2024

அன்பு மருமகளுக்கு ஆசீர்வாதம். இங்கே மழை, வேறு குறைவில்லை. உன் இரண்டாவது கடிதமும் மூன்றாவது கடிதமும் ஒரே நாளில் வந்தன. இப்போதைய தபால் நிர்வாகம் அப்படி.

"அவருக்கு எப்படிச் சொல்வேன்" என்று அழுது எழுதியிருக்கிறாய். புருஷனிடம் உள்ளதைச் சொல்ல என்ன பயம்? சொன்னால்தானே அவன் எனக்கு எழுதுவான். பெட்டி பத்திரமாக இருக்கிறது. துணி போட்டு மூடி மூலையில் வைத்திருக்கிறேன். நான் தொடுவதுகூட இல்லை.

ஆப்பிரிக்கா வழியும் கடல்தானே? உன் மாமி விசாரிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு
ரசலையன்

மக்களே, தொடுதது இல்லன்னு எழுதியிருக்காருல்லா? பச்சப் பொய்யாக்கும். ஏலம் எடுத்த மறுநாளே கரண்ட்காரன் இசக்கியக் கூட்டிட்டு வந்து, ஒரு பழைய ஆம்பும் வச்சு டிவியில மாட்டியாச்சு. சாயந்திரம் செய்தி வரும்போ நாற்காலிய அதுக்க முன்னால இழுத்துப் போட்டுட்டு இருப்பாரு. கப்பலுன்னோ கடலுன்னோ ஒரு வார்த்த வந்தா சத்தத்தக் கூட்டுவாரு. மத்ததுக்கெல்லாம் கொறச்சிருவாரு. நேத்து எங்கயோ ஒரு கப்பல்ல தீன்னு சொன்னான். அது நம்ம மவனுக்க கப்பல் இல்லன்னு தெரியுத வர அந்தப் பெட்டி மேல கைய வச்சுட்டே நின்னாரு. என்னன்னு கேட்டா, சூடாவுதான்னு பாத்தேங்காரு. நீ அவன்ட்ட சொல்லிரு மக்கா. — நேசபாய்


ராட்டர்டாம்
12.12.2024

என் பிரீனாவுக்கு,

சுகம், குளிர் மட்டும் எலும்பில் ஏறுகிறது. ஆம்ப் வாங்கிவிட்டேன்!

கடைக்காரர் நம்முடையதைப் போன்ற ஒரு ஜோடி ஸ்பீக்கர் வைத்திருந்தார். முதலில் அதில் இருநூறு வாட்ஸ் ஆம்ப் ஒன்றை மாட்டினார். கனம் ஒரு மூட்டை நெல் இருக்கும். குமிழைத் தொட்டால் காட்டுக்கத்தல், குறைத்தால் உயிரில்லை. அடுத்து, பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த வால்வு போட்ட ஒரு சின்ன ஆம்ப், பன்னிரண்டே வாட்ஸ். எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் நம் ஸ்பீக்கர் லேசாக ஊதினாலே பாடுகிற ரகம், அதற்குப் பயில்வான் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பின்பக்கம் ஸ்பீக்கரின் ஓம்ஸுக்குத் தகுந்த முனையும் இருக்கிறது. ஒரு பெண் பாடினாள் ஏட்டி, மூச்சு இழுக்கிற சத்தம்கூட எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

அதனால்தான் அந்த வலது பெட்டியை நினைத்தால் மனசு ஆறவில்லை. பிரதீஷிடம் பேசிவிட்டேன். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறானே, என்னோடு படித்தவன். சனிக்கிழமை வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பான். காப்பி கொடு.

ஷாஜன்


பூதப்பாண்டி
13.12.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பிரதீஷ் அண்ணனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திறந்து பார்க்க இங்கே வலது பெட்டி இல்லை.

நீங்கள் செங்கடல் தாண்டினால் உங்களுக்கு உயிரானதைப் படைக்கிறேன் என்று பொருத்தனை பண்ணினேன். படைத்தேன். சுயம்புராஜ் அண்ணனை வைத்து நானே ஏலத்தில் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். ஒவ்வொன்றாக ஏலம் விட்டதில் ஒன்று எனக்கு வந்தது. மற்றது மயிலாடி மாமாவுக்குப் போய்விட்டது. உங்களைக் கேட்காமல் உங்கள் பொருளை எடுத்துக் கொடுத்தது தப்புதான். ஆனால் அன்றைக்கு எனக்கு ஸ்பீக்கர் பெரிதாகத் தெரியவில்லை, நீங்கள்தான் தெரிந்தீர்கள். மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் அதைத்தான் செய்வேன்.

மாமா என் கையில் தரமாட்டேன் என்கிறார். நீங்கள் கேட்டால் தருவாராம். அவர் கடிதத்தின் அடியில் மாமி எழுதினதை ஒரு எழுத்து மாற்றாமல் இதோடு டைப் அடித்து அனுப்புகிறேன். அதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். திட்டுவதென்றால் பிறகு திட்டுங்கள்.

பிரீனா


கப்பலிலிருந்து
1.1.2025

என் பிரீனாவுக்குப் புத்தாண்டு வாழ்த்து. கிறிஸ்துமஸுக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன். நீ பண்டிகையன்று எப்படி இருந்திருப்பாய் என்று நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

உன்மேல் கோபம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. என் உயிருக்குப் பதிலாக ஒரு பெட்டியைக் கொடுத்தவளை என்னவென்று திட்ட? கோபமெல்லாம் அப்பாமேல்தான். அவரிடம் கையேந்துவதைவிட ஒற்றைப் பெட்டியிலேயே கேட்டுச் சாவேன் என்று உனக்கு எழுதினேன், அழித்தேன். ஸ்பீக்கர் கம்பெனியில் ஒன்று மட்டும் தருவார்களா என்று விசாரித்தேன். தரமாட்டார்களாம்.

அம்மா எழுதினதை முதலில் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. கிறிஸ்துமஸ் அன்று கப்பலில் பாட்டுப் பாடிவிட்டு வந்து மறுபடி படித்தேன். அவர் அந்தப் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றதை நினைக்க நினைக்க என்னால் உட்காரமுடியவில்லை. டர்பனில் கரையேறினதும் அவருக்கு எழுதுகிறேன். மெயிலில் இல்லை, தபால்தலை ஒட்டி.

நீ சந்தோஷமாக இரு.
ஷாஜன்


டர்பன்
6.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு ஷாஜன் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முட்டுவலியைப் பற்றி பிரீனா எழுதினாள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கப்பல் இப்போது டர்பன் துறைமுகத்தில் நிற்கிறது. கடல் அமைதியாக இருக்கிறது. இங்கிருந்து கொழும்பு. அங்கே பிப்ரவரி ஐந்தாம் தேதிவாக்கில் இறங்கி, விமானத்தில் திருவனந்தபுரம் வருகிறேன். இனிமேல் கப்பல் எங்கே போனாலும் உங்களுக்கே எழுதுவேன். டிவிக்காரன் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஸ்பீக்கரைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. அது உங்களிடமே இருக்கட்டும். பிரீனாவிடம் இருக்கிற மற்றதையும் மயிலாடிக்கே கொண்டுவந்துவிடுகிறோம். பிரித்து வைத்தால் இரண்டுக்கும் மதிப்பில்லை. புது ஆம்ப் வாங்கியிருக்கிறேன், இறங்கினதும் நேரே அங்கே வந்து நானே மாட்டித் தருகிறேன். லீவில் இருக்கும்போது நானும் அங்கே வந்து பாட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

வருஷத்தில் பாதி நாள் நான் வீட்டில் இல்லை. பிரீனாவுக்கு அவள் அம்மா வீடும் ஸ்கூலும் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் பூதப்பாண்டியில் கட்டினேன். உங்களை விட்டுப் போக அல்ல. அதைக் கல் போடுவதற்கு முன்னால் வந்து சொல்லியிருக்க வேண்டும். கட்டி முடித்துவிட்டு ஜெபத்துக்கு வாங்க என்று ஊராரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன். யாருக்கும் மனசு விட்டுப்போகும்.

உங்கள் அன்பு மகன்
ஷாஜன்


பூதப்பாண்டி
26.1.2025

அன்பு மகன் ஷாஜனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் கடிதம் நேற்று முன்தினம் கிடைத்தது.

மேலே போட்டிருக்கிற ஊர்ப்பெயரைப் பார்த்து விழிக்காதே. சரியாகத்தான் இருக்கிறது. தபாலில் போட்டால் நீ கப்பலை விட்டு இறங்கின பிறகுதான் போய்ச் சேரும். ஆகவே நான் சொல்லச் சொல்ல பிரீனா கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ எழுதின யோசனை நல்ல மனசோடு எழுதினது, ஆனால் நடக்காது. மயிலாடி ஹாலில் ஒரு பக்கம் வாசல் கதவு, மறுபக்கம் மாடிப்படி. ஒரு பெட்டியை மூலையில்தான் வைக்க முடியும். மூலையில் வைத்தால் பேசுகிறவன் பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், இசக்கி சொன்னான். சரி, நானும் கொஞ்சம் கேட்டேன். உன் ஹால்தான் இதற்கு வாகு. சுவரை விட்டுத் தள்ளி வைக்க இடமிருக்கிறது. டேப்பை வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பெட்டியை சுயம்புராஜ் வண்டியில் கொண்டுவந்தோம். குலுங்கும் என்று நானும் பின்னால் ஏறிப் பிடித்துக்கொண்டே வந்தேன். பிரீனா வாசலில் நின்றுகொண்டு பெட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து அழுதாள். அம்மா அடுக்களைக்குள் போனவள் இன்னும் வெளியே வரவில்லை. இந்த அடுக்களையில் எல்லாம் தலைகீழாக வைத்திருக்கிறதாம், அடுக்கிக்கொண்டிருக்கிறாள். வீடு நன்றாகக் கட்டியிருக்கிறாய். நான் இதை அன்றைக்கே வந்து பார்த்திருக்க வேண்டும் மக்கா.

திருவனந்தபுரத்தில் இறங்கினதும் மயிலாடிக்கு வண்டி பிடிக்காதே. அங்கே வீடு பூட்டியிருக்கும். நாங்கள் இங்கே, உன் வீட்டில் இருப்போம்.

அப்பா